நான்காவது பாஸ்வேர்டு

ஒரு தாள் மிஞ்சியது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருந்தவில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு வெறும் தாளுக்காக நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று புரியாது. சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பேட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். நர்சுகளின் கோட்டு, சமையல்காரர்களின் மேலங்கி, காவலாளிகளின் கால்சட்டை. கம்ப்யூட்டரில் வரைந்து, சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக அச்சடித்து, விளிம்போடு விளிம்பு ஒட்டினால் முழு அளவில் ஒரு கையோ முதுகோ கிடைக்கும். அதைத் துணிமேல் விரித்து வெட்டிப் பார்க்க வேண்டும். அன்று நர்சு கோட்டின் முதுகுப் பக்கம். தரையில் உட்கார்ந்து கடைசி வரிசையையும் ஒட்டி முடித்த பிறகு கையில் ஒரு தாள் நின்றது. கோடு எதுவும் இல்லாத தாள். திருப்பினேன். நடுவில் ஒரே வரி.

"புது செருப்பு நல்லா இருக்கு."

செருப்பு முந்தின நாள்தான் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு நான் போனது தெருமுனை வரைக்கும்தான்.

யார் என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. இந்த உலகத்தில் என் செருப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதைத் தன் உரிமையாக நினைத்த ஆள் ஒருவன்தான். முன்னாள் கணவன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அத்தையின் மகன் என்றே சொல்கிறேன்.

அத்தை என்றால் என் மாமியார். அவர் என்னோடுதான் இருக்கிறார். இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். புருஷனை அனுப்பிவிட்டு மாமியாரை வைத்துக்கொண்ட ஒரே பெண் நீதான் என்று என் அக்கா கேலி செய்வாள். நான் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்தான் போகவில்லை.

அத்தையின் மகன் என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருந்திருக்கும். அவன் கேட்பான், அவ்வளவுதான். எங்கே போனாய், யாரோடு பேசினாய், கடையில் ஏன் அவ்வளவு நேரம், போனில் யார், ஏன் சிரித்தாய். பதில் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் பதில் சொல்வதை நிறுத்தினேன். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. என் பிறந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் அனுசரித்துப் போ என்றார்கள். அத்தை மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவன் கிளம்பிய அன்று பெட்டியை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்து வைத்தது அவர்தான்.

"அம்மா, நீயும் கெளம்பு," என்றான் அவன்.

"நான் வரல. எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"இருக்குப்பா," என்றார். கதவைச் சாத்தியதும் நேராகப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார். நான் அழுதுகொண்டே பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினேன்.  அன்றைக்கு அவர் மட்டும் அவனோடு போயிருந்தால், நான் ஒரு வாரத்துக்குள் போன் போட்டு அவனைத் திரும்பக் கூப்பிட்டிருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

விவாகரத்து முடிந்ததும் வாசல் பூட்டை மாற்றினேன். அவன் எண்ணைப் போனில் தடுத்துவைத்தேன். வைஃபை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்? பிரிண்டர் வைஃபையில்தான் ஓடுகிறது. அதற்குள் யார் நுழைந்திருக்கிறார்களோ அவர்கள் அனுப்புவதை எல்லாம் அச்சடித்துத் தள்ளும். நல்லவன் கெட்டவன் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. எங்களுடையது முதல் மாடி. வைஃபை ஜன்னலைத் தாண்டி எதிர்ச்சாரி மருந்துக்கடை வரைக்கும் எட்டும். அப்படியானால் அந்த வரியை அனுப்பும்போது அவன் தெருவிலேயே இருந்திருக்கிறான்.

முதுகெலும்பு சில்லிட்டது என்று எழுதுவார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வேறு எதுவும் வராது. தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அதோடு ஆதாரமும் போச்சு என்று அக்கா பிற்பாடு திட்டினாள்.

"மொதல்ல பாஸ்வேர்ட மாத்து," என்றாள் போனில். அக்கா ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தாலும் யாருக்கும் முதுகைக் காட்டாமல்தான் உட்காருவாள். "இப்ப என்ன வெச்சிருக்க?"

"கல்யாண தேதி."

"அடிப்பாவி!"

மாற்றினேன். மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் போட்டு அதன் அமைப்புகளுக்குள் போய், பழையதை எடுத்துவிட்டு, அக்கா சொன்னபடி எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து நீளமாக ஒன்றை வைத்தேன். வீட்டில் இருந்தது எல்லாம் ஒரே நொடியில் இணைப்பை இழந்தது. என் கம்ப்யூட்டர், பிரிண்டர், என் போன், அத்தையின் டேப்லெட். ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதைப் போட்டேன்.

டேப்லெட் அத்தைக்கு உயிர். அவன் இங்கிருந்து போன கொஞ்ச நாளில் அனுப்பிவைத்தது. அம்மா உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை தலை சீவி, நல்ல உடையாக உடுத்தி, தன் அறையில் ஜன்னல் பக்கம் டேப்லெட்டைச் சாய்த்துவைத்து மகனோடு பேசுவார். கதவு சாத்தியிருக்கும். நானும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் போக எனக்கு என்ன உரிமை?

"ஏம்மா, புதுசு என்ன போட்ட?" என்று அத்தை கேட்டார். சொன்னேன். ஒருவேளை இணைப்பு விட்டுப்போனால் அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தேன்.

ஒரு வாரம் போனது. காவலாளிகளின் கால்சட்டையை அச்சடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இன்னொரு தாள் விழுந்தது.

"இன்னைக்கு வந்த ஆள் யாரு?"

அன்று வந்தது கம்பெனியிலிருந்து துணி கொண்டுவந்த டிரைவர். அறுபது வயது மனிதர், மூட்டு வலியோடு மாடி ஏறி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நான் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். மருந்துக்கடை முன்னால் நின்ற வெள்ளைக் கார் ஒன்று முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுபடியும் மாற்றினேன். மறுபடியும் எல்லாவற்றிலும் போட்டேன், அத்தையிடமும் சொன்னேன். மறுபடியும் தாள் வந்தது. இந்த முறை வெறும் சிரிப்பு முகம் ஒன்று, தாள் முழுக்கப் பெரிதாக.

"வெளியில இருந்து யாரும் உடைச்சு எடுக்கல," என்றாள் அக்கா. "அவ்வளவு நீளத்த உடைக்கிற அளவுக்கு அவனுக்கு மூளை கிடையாது. உள்ள இருந்து போகுது. உனக்கே தெரியும் யாருன்னு."

"அத்தை அப்படிப்பட்டவங்க இல்ல."

"பெத்த புள்ள கேட்டா எந்த அம்மாதான் சொல்லமாட்டா? தப்புன்னு சொல்லல. ஆனா நீ நிம்மதியா இருக்கணும்னா அவங்கள அவன்கிட்டயே அனுப்பிடு. எல்லாம் தன்னால நின்னுடும்."

போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் விழுந்துவிட்டது. இந்த வீட்டில் நான் நிம்மதியாக மூச்சுவிட வேண்டுமென்றால் அத்தை போகவேண்டும். அத்தை போய்விட்டால் இது என்ன வீடு? இரண்டில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் பேட்டர்னில் தப்புத் தப்பாகக் கோடு போட்டேன். காவலாளிகளின் கால்சட்டையில் ஒரு கால் நீண்டுவிட்டது.

கடைசியில் ஒரு கேவலமான காரியம் செய்தேன். மூன்றாம் முறை மாற்றியதை அத்தையிடம் சொல்லவில்லை. டேப்லெட்டிலும் போடவில்லை.

"நெட் வரல போலிருக்கே," என்றார் அத்தை ஞாயிற்றுக்கிழமை. தலை சீவி உட்கார்ந்திருந்தார்.

"நெட் கம்பெனியில ஏதோ பிரச்சனையாம் அத்தை."

"உன் கம்ப்யூட்டர் ஓடுதே?"

"அது வேற."

 அடுத்த ஞாயிறும் தலை சீவி உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறு தலை சீவவில்லை. பிரிண்டரோ நல்ல பிள்ளையாக நான் கொடுத்ததை மட்டும் அச்சடித்தது. ஒரு வரி கூடுதலாக வரவில்லை. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? தாள் வரும் என்று பயந்த நாட்களை விட, வராமல் இருந்த அந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். நல்லவேளை, இருவர் கண்ணிலும் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

"நீங்கதானே அத்தை சொல்றீங்க?"

"எத?"

"பாஸ்வேர்ட. அவன்கிட்ட."

அதுவரை தாள்களைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்பு, டிரைவர், சிரிப்பு முகம், வெள்ளைக் கார், அக்கா சொன்னது. நெட் வராதது பொய் என்பதையும் சொன்னேன். அத்தை கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை வேலை பார்த்தது தொலைபேசி இணைப்பகத்தில். ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் ஆபரேட்டர் இணைத்துக்கொடுத்த காலம். யார் வீட்டில் யார் அழுதார்கள், எந்தக் கடை மூழ்கப்போகிறது, எந்தக் கல்யாணம் நிற்கப்போகிறது, எல்லாம் அவர் காது வழியாகத்தான் போயிருக்கிறது. தன் புருஷனிடம்கூட அதிலிருந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"என் வேலைக் காலம் பூரா," என்றார் அத்தை, குரலை உயர்த்தாமல், "என் வாயிலருந்து ஒரு பேச்சு வெளிய போச்சுன்னு ஒருத்தர் சொன்னதில்ல. நீ சொல்லிட்ட."

"அத்தை..."

"இரு. நான் பேசி முடிக்கல. நான் போகணும்னா இந்த நிமிஷமே போவேன். ஆனா இந்தப் பேரோட போகமாட்டேன். கோளாறு எங்கன்னு கண்டுபுடிச்சிட்டுத்தான் போவேன்." தன் அறைக்குப் போய் அலமாரிமேல் கிடந்த பையை இறக்கிக் கட்டில்மேல் வைத்தார். திரும்பி வந்தார். "உன் மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். நெறைய இருக்கு. அத அப்புறம் பாத்துக்கலாம். லைன்ல எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்னா எல்லாத்தையும் கழட்டிட்டு ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கணும். இந்த டேப்லெட்ல உன் புது பாஸ்வேர்ட நீயே போடு. என்கிட்ட சொல்லாத. நான் இங்க நிக்கவே இல்ல."

மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நான் போட்டேன்.  அத்தை இறங்கி வந்ததும் டேப்லெட்டை வாங்கி, வரவேற்பறை மேசைமேல், என் கண்ணெதிரிலேயே வைத்தார். அதை எடுக்கவே இல்லை. அந்த ஞாயிறும் மகனைக் கூப்பிடவில்லை. என்னோடு பேசினார், சாப்பாடு போட்டார், துணி மடித்தார், ஆனால் ஒவ்வொரு பேச்சிலும் ஒரு வார்த்தை குறைவாக இருந்தது. பை கட்டில்மேலேயே இருந்தது. ராத்திரி அதைக் கீழே இறக்கிவைத்துப் படுப்பதும், காலையில் மறுபடி மேலே எடுத்துவைப்பதும் எனக்குக் கேட்கும்.

கோபத்தைத் தையல் மிஷின்மேல் காட்டுவது அத்தையின் வழக்கம். அந்த வாரம் வீட்டில் கிழிந்தது எல்லாம் தைத்து முடிந்தது. கிழியாததும் தைத்து முடிந்தது. பிறகு என் துணி மூட்டையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவி, என் வேலை அறை ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினார். நல்ல பளீர் மஞ்சள். வெயில் பட்டால் அறை முழுக்கப் பொன்னாக இருந்தது. நான் நன்றி சொன்னேன். "துணி வீணாக் கெடந்தது," என்றார்.

திரை மாட்டிய மறுநாள் சாயங்காலம், இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அவர் பித்தான் கட்டிக்கொண்டிருந்தார். நான் அளவுகோலோடு தரையில் கிடந்தேன். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பிரிண்டர் ஒரு முறை முனகி, தாளை உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே தள்ளியது.

நான் எழுந்திருப்பதற்குள் அத்தை எடுத்துவிட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மஞ்சள் எனக்குப் பிடிக்காதுன்னு தெரியும்ல. கழட்டு."

"மஞ்சள் நான்தான் எடுத்தேன்," என்றார் அத்தை, யாரிடமோ சொல்வதுபோல.

 பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. டேப்லெட் என் கண்ணெதிரிலேயே, யாரும் தொடாமல், மேசைமேல் கிடந்தது. ஓடிப்போய் அதை எடுத்தேன். இத்தனை நாள் ஏன் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று என்னையே நான்கு அறை அறையலாம். அமைப்புகளைத் திறந்ததும் முதல் வரியிலேயே இருந்தது, கணக்கு யாருடையது என்று. அவன் படம், அவன் பெயர், அவன் மின்னஞ்சல். அத்தைக்கென்று தனியாகக் கணக்கே இல்லை. அவன் தன் கணக்கிலேயே டேப்லெட்டைத் திறந்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். அதில் நாம் எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் அதே கணக்கில் இருக்கும் அவன் போனுக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான், என் கையாலேயே.

திட்டம் போட்டுத்தான் அப்படி அனுப்பினானா, தற்செயலாக அமைந்ததைப் பிடித்துக்கொண்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தையிடம் விளக்கினேன். பாதி விளக்கத்திலேயே புரிந்துகொண்டார்.

"உன்னப் பத்தி அவன் என்கிட்ட ஒரு தடவகூட கேட்டதில்ல," என்றார் மெதுவாக. "ஒவ்வொரு வாரமும் பேசும்போது நெனச்சுப்பேன், பரவால்ல, புள்ள மறந்துட்டான், திருந்திட்டான்னு. சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. அவனுக்குக் கேக்கவேண்டிய அவசியமே இல்லாம இருந்திருக்கு."

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மருந்துக்கடை முன்னால் வெள்ளைக் கார் நின்றது.

"அத்தை, கார் நிக்குது. போலீசுக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. ஆனா மொதல்ல நான் போயிட்டு வரேன்."

டேப்லெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டார். வீட்டுச் செருப்போடு படி இறங்கினார். நான் போனைக் கையில் பிடித்தபடி மஞ்சள் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்தார். ஒரு ஸ்கூட்டர்காரர் பிரேக் போட்டுத் திட்டினார். கார் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார்.

கண்ணாடி இறங்கியது. அத்தை டேப்லெட்டை உள்ளே கொடுத்தார். தாளையும் கொடுத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் கதவைத் திறந்து இறங்கினான். கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தை பின்வாங்கவில்லை, கத்தவும் இல்லை. அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கையை நீட்டி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு பக்கம் மடங்கியிருந்திருக்கிறது. அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினான்.

கார் போன பிறகும் அத்தை அங்கேயே நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கீழே ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவருடையது, என்னுடையது அல்ல என்று தோன்றியது. நின்றேன்.

மூச்சு வாங்க மேலே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்ன சொன்னீங்க அத்தை?"

"இன்னொரு தடவ இந்தத் தெருவுல பாத்தா போலீசுக்கு நானே போவேன்னு சொன்னேன். இவன் என் புள்ளதான், இன்னின்னது செஞ்சான்னு நானே எழுதிக் குடுப்பேன்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"எனக்கு அம்மாவே இல்லன்னு நெனச்சுக்கிறேன்னான்." தண்ணீர் கேட்டார். முழு டம்ளரையும் குடித்தார். "சொல்லட்டும். அவன் சொன்னா இல்லாமப் போயிடுவேனா?"

அப்போதுதான் அழுதார். நான் அவர் காலடியில், ஒட்டாத பேட்டர்ன் தாள்களின் மேலேயே உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மன்னிச்சுக்கோங்க என்றேன். பல முறை சொன்னேன். என் தலைமேல் கை வைத்திருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "தாள் கசங்குது பாரு," என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி. இப்ப மாத்து. என்கிட்ட சொல்லாத. நாளைக்குக் காலையில நான் கெளம்பறேன். என் தங்கச்சி வீட்ல எடம் இருக்கு."

"எதுக்குக் கெளம்பணும்?"

"கண்டுபுடிச்சிட்டுப் போறேன்னுதானே சொன்னேன்? கண்டுபுடிச்சாச்சு."

 மோடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். நான்காவது முறை. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை, என்ன வைப்பது என்று தெரிந்திருந்தது. வைத்துவிட்டு, திரும்பி, அதை உரக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாக. எண் எண்ணாக. என்னவென்று இங்கே எழுதமாட்டேன், அது வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும்.

"ஐயோ, எதுக்குடி என்கிட்ட சொல்ற? அதைப் போட என்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாம எப்படி? நாளைக்கு நான் மறந்துட்டா யாரக் கேப்பேன்?"

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் அறைக்குப் போனார். பை அலமாரிமேல் ஏறும் சத்தம் கேட்டது. ஏறவில்லை போலிருக்கிறது, மறுபடி தள்ளும் சத்தம். "இங்க வந்து கொஞ்சம் தூக்கிவிடேன்," என்று கத்தினார். என் வாழ்க்கையில் அப்படி ஓடிப்போய் நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அடுத்த மாதம் அவருக்கு ஒரு போன் வாங்கினேன். அவர் பெயரிலேயே கணக்குத் திறந்தோம். பிறந்த தேதி கேட்டபோது ஒரு வயதைக் குறைத்துச் சொன்னார், நானும் அப்படியே போட்டேன். அதில் முதலில் என் எண்ணைப் பதிந்தேன். அடுத்ததை அவரே பதிந்தார். மகனுடையது.

"அவன் கூப்பிட்டா எடுப்பேன்," என்றார் என்னைப் பார்க்காமல். "அது உனக்குத் தெரியணும்."

"எடுங்க அத்தை."

ரொம்ப நாள் அவன் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அத்தை என் வேலை அறைக்கு வந்து பித்தான் கட்டுவார். போனைப் பார்க்கமாட்டார். நானும் பார்க்காதவள்போல இருப்பேன். பிரிண்டர் சத்தம் போட்டால் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்வோம். என் நர்சு கோட்டுதான் வந்துகொண்டிருக்கும். எத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு வீடு கிடைக்கிறது என்று அப்போதெல்லாம் தோன்றும். எனக்குக் கிடைத்தது. அதற்கு ஒரு தாய் தன் பிள்ளையை விலையாகக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நன்றி அத்தை என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். சோறு ஆறுது, வந்து சாப்பிடு என்றார்.

மழை கொட்டிய ஒரு ஞாயிறு போன் அடித்தது. திரையில் யார் பெயர் என்று நான் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து போனை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க போறீங்க? மழை பெய்யுது. இங்கயே பேசுங்க, நான் வேற ரூமுக்குப் போறேன்."

"வேணாம்மா. இந்த வீட்டு சத்தம் எதுவும் அவனுக்குக் கேக்க வேணாம்."

கீழே இறங்கிவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கட்டட வாசலில் கூரை அரை ஆள் அகலம்தான். அவர் பாதி நனைந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் குடையைப் பிடித்தேன். போ என்று கையால் சைகை காட்டினார். நான் போகவில்லை. போனில் அவன் ஏதோ நீளமாகப் பேசுவது கேட்டது. என்னைப் பற்றித்தான் கேட்கிறான் என்று அத்தையின் முகத்திலிருந்தே தெரிந்தது.

"அவளப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காதப்பா," என்றார் அத்தை. "நீ சாப்ட்டியா? அத சொல்லு."